கோட்டுக்கு மேலே இரண்டு விரல்

ரஹமத்துன்னிசா மெக்கானிக் ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த அந்த ஷெட்டை அதற்கு முன் அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். ஜாக்கி சரிந்து அம்பாசடர் காருக்கு அடியில் மாட்டிக்கொண்ட அவள் புருஷன் மதார் சாகிப்பை நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள் அன்றைக்கு.

இடுப்பு எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. வேலூரில் மூன்று மாதம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவர் அதற்கப்புறம் எழுந்து நிற்கவே இல்லை. பதினெட்டு வருஷம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்தவர், இப்போது வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் அதே மாதிரி மல்லாந்து படுத்து ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஷெட் முதலாளி கோதண்டராமன் கெட்ட மனிதர் இல்லை. அந்த ஜாக்கியில் எண்ணெய் கசிகிறது என்று மதார் இரண்டு தடவை சொல்லியும் மாற்றாமல் விட்டவர் அவர்தான். அது அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாய், சாமான் கழுவுறதுக்கு ஒரு ஆள் வேணும். உங்க வூட்ல இருந்து யாராச்சும் வந்தா நல்லாருக்கும்."

"இந்த வூட்ல வேற யாரு இருக்காங்க மொதலாளி?" என்றார் மதார்.

மறுநாள் காலை ரஹமத்துன்னிசா புர்காவைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அங்கே ஒரு ஆணியில் அதைக் கழற்றி மாட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, மண்ணெண்ணெய் டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தெருவில் பேசாத வாய் இல்லை. பேசியவர்கள் யாரும் மதாருக்கு மாத்திரை வாங்கித் தரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் நட்டும் போல்ட்டும்தான் கழுவினாள். போகப்போக ஏர் கிளீனர் வேலை முழுக்க அவள் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சினுக்குப் போகிற காற்று ஒரு வட்டத் தகர டப்பாவின் வழியாகத்தான் போகும். டப்பாவுக்குள் கம்பிச் சுருள் வலை ஒன்று, அதற்கடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று. காற்றோடு வருகிற தூசி எண்ணெயில் படிந்துவிடும். மிச்சம் வலையில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கவேண்டியதில்லை. கழுவிக் கழுவிப் பத்து வருஷம் ஓட்டலாம். ஆனால் ஒழுங்காகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கும், மண்ணைத் தின்று எஞ்சின் உள்ளுக்குள்ளேயே தேயும்.

மதார் கட்டிலில் படுத்துக்கொண்டே அவளுக்குச் சொல்லுவார். மேல் திருகைக் கழற்றி மூடியைத் தூக்கு. பழைய எண்ணெயைக் கொட்டு. கிண்ணத்தின் அடியில் சேறு மாதிரி படிந்திருக்கும், அதைச் சுரண்டி எடு. வலையை மண்ணெண்ணெயில் முக்கி அலசு, தெளிந்த மண்ணெண்ணெயில் இன்னொரு தடவை அலசு. உதறித் தலைகீழாகக் கவிழ்த்து வை. சொட்டு நிற்கிறவரை தொடாதே. மூடிக்கடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா பார். அப்புறம் கிண்ணத்தில் புது எண்ணெய். உள்பக்கம் ஒரு கோடு போட்டிருப்பான்.

"அந்தக் கோட்டுக்குக் கீழ போனா தூசி நிக்காது. மேல போனாலும் ஆகாது. கோடுன்னா கோடுதான், ரஹமத்து."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவசரப்படுகிற டிரைவர்களை லட்சியம் செய்யமாட்டாள். சொட்டு நிற்கிறவரை வலையைத் திருப்பித் தரமாட்டாள். ரமணாசிரமத்துக்கு ஆட்களை ஏற்றி வருகிற சென்னை டாக்சிக்காரர்கள்கூட, திரும்பிப் போவதற்கு முன் "பாயம்மா கிட்ட ஒரு தடவ குடுத்துடுங்க" என்று டப்பாவைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். தீபத்துக்கு முந்தின வாரத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டப்பா கழுவினதும் உண்டு.

மண்ணெண்ணெய் அவள் கையைத் தின்றது. விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்து நின்றாலும், கையைக் கட்டுகிறபோது அந்த வாடை முகத்துக்கு ஏறிவரும். அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வருகிற முருகையனை அவளுக்கு எழுபத்தேழிலிருந்து பழக்கம். ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவருடைய டீசல் வேன் அது. எஞ்சின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வருவான், பகலில் மூட்டை அடிப்பான், சாயங்காலம் ஆட்களோடு திரும்பிவிடுவான். வண்டி ஷெட்டில் நிற்கிற நேரத்தில் மற்ற டிரைவர்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போய்விடுவார்கள். முருகையன் மட்டும் அவள் எதிரில் குந்திக்கொண்டு, வலையை அலசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுபத்தொன்பது சித்திரையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை அறுவடை நன்றாக இருந்தது. களத்திலிருந்து மில்லுக்கு மூட்டை ஏற்றி ஏற்றி அவன் வண்டியே செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. பத்து நாளுக்கு முன்னால் கழுவிய ஏர் கிளீனரைத் திறந்தால் எண்ணெய் களிம்பாகிக் கிடந்தது.

"பாயம்மா, இந்தத் தூசிக்கு இந்த எண்ணெ பத்தல. கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துங்க. இன்னும் ரெண்டு நாள் தாங்கும்ல?" என்றான் முருகையன்.

"கோடு வரைக்கும்தான் தம்பி."

"கோடு போட்டவன் நம்மூரு மல்லாட்டைத் தூசியப் பாத்துருப்பானா? ஜாஸ்தி ஊத்தினா ஜாஸ்தி புடிக்கும், அவ்ளோதான? பண்ணைக்காரரு வாரத்துக்கு ஒருக்கா வண்டிய நிறுத்த வுடமாட்டேன்றாரு. ஊத்துங்க பாயம்மா."

அவள் தயங்கினாள். கோட்டுக்கு மேல் ஊற்றின பெட்ரோல் கார்களை அவள் பார்த்திருக்கிறாள். கொஞ்ச தூரம் புகைவிட்டுத் திணறி நின்றுவிடும், திரும்பவும் ஷெட்டுக்கே தள்ளிக்கொண்டு வருவார்கள். அதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். கேட்கிறவன் நல்லவன். வாயைத் திறந்து இதுவரை ஒன்றும் கேட்காதவன். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் ஏறுகிறவரை ஊற்றி மூடித் திருகைப் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த வேன் கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் ஏரிக்கரை வளைவில் புளிய மரத்தில் மோதியது.

வண்டியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு கிழவிக்குக் கை ஒடிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. முருகையன் அங்கேயே செத்துப்போனான். பிழைத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஏரிக்கரை மேட்டில் ஏறுகிறபோதே எஞ்சின் வீறிட்டுக் கத்த ஆரம்பித்தது, வேகத்தைக் குறை குறை என்று கூவியும் அவன் கேட்கவில்லை, வண்டி முழுக்கப் புகை, எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கப் போய் மரத்தில் விட்டுவிட்டான். பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டினான் என்றாள் ஒரு பெண். குடித்திருப்பான் என்றார் இன்னொருவர். முருகையன் எப்போதாவது சாராயம் குடிக்கிறவன்தான் என்பது ஊருக்குத் தெரியும். மறுநாளைக்குள் 'குடித்திருப்பான்' என்பது 'குடித்திருந்தான்' என்று ஆகிவிட்டது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்ததாகக் கேஸ் எழுதி முடித்தார்கள்.

நொறுங்கின வேனை நாலாம் நாள் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார்கள், எதுவாவது தேறுமா என்று பார்க்க. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ரஹமத்துன்னிசா எஞ்சின் மூடியைத் தூக்கினாள். ஏர் கிளீனர் கிண்ணத்தின் அடியில்தான் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தது. எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். கை முழங்கைவரை எண்ணெயாக வந்தது.

திரும்பினாள். கோதண்டராமன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ ஊத்தின பாயம்மா?"

"கோட்டுக்கு மேல ரெண்டு விரலு."

அவர் குழாயை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்து, குழாயின் உள்பக்கத்தைத் தானே துடைத்தார். மூன்று துணி மாற்றினார். துடைத்த துணிகளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு வந்தார்.

"நீயும் பாக்கல, நானும் பாக்கல. ஷெட்டு போச்சுன்னா பாய்க்கு மருந்து எங்கருந்து வரும்? யோசிச்சுப் பாரு. போனவன் திரும்பி வரப்போறதில்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டில் மதார் அதற்குள் யாரிடமோ எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார். படுத்தபடியே சொன்னார்: "குடிச்சவன் வேகமா ஓட்டுவான், ஒத்துக்கறேன். வண்டி பூரா எப்படி வெள்ளப் புகை வரும்? டீசல் வண்டிக்கு எண்ணெயும் தீனிதான். காத்தோட சேத்து இழுக்க ஆரம்பிச்சுட்டா பெடலை வுட்டாலும் நிக்காது, சாவியத் திருப்பினாலும் நிக்காது. தன்னால கத்தும். அந்த மனுசன் பாவம், என்ன பண்றதுனு தெரியாம இருந்துருப்பான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த வண்டிக்கு ஏர் கிளீனர் யாரு போட்டது?"

"நாந்தாங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே அசையாத உடம்போடு கழுத்தை மட்டும் அப்படித் திருப்பிக்கொள்வது அவருக்குக் கஷ்டம். அன்று ராத்திரிவரை அப்படியே கிடந்தார். சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவருடைய மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் அவளிடம் ஷெட்டில் என்ன வண்டி வந்தது என்று கேட்டதே இல்லை. எண்பத்திரண்டு மாசியில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தார்.

முருகையன் பெண்டாட்டி உண்ணாமலை, மகள் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரை விட்டு வந்துவிட்டாள். குடித்துவிட்டு ஒன்பது பேர் உயிரோடு விளையாடினவன் பெண்டாட்டி என்ற பேரோடு அங்கே களை எடுக்கப் போகவும் முடியவில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்குத் தங்குகிற வீடு ஒன்றில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஷெட்டுக்கும் அந்த வீட்டுக்கும் அரை மைல்கூட இருக்காது. உண்ணாமலை பக்கெட்டும் துணிமூட்டையுமாகப் போவதைப் பார்த்தால் ரஹமத்துன்னிசா புர்காவின் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொள்வாள். ஷெட்டுக்குள் வேலையில் இருந்தால் தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். மதார் இறந்த பிறகு வாயைத் திறக்கத் தடையாக யாரும் இல்லைதான். ஆனாலும் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருஷம் போயிற்று. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதி, உண்ணாமலையின் முகத்தைப் பார்த்து எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாத பயம்.

எண்பத்தைந்து தையில் ஒருநாள் உண்ணாமலையே ஷெட்டுக்கு வந்தாள். சரோஜாவுக்குப் பதினெட்டு வயது. போளூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு, கீழ்பென்னாத்தூரில் விசாரித்துவிட்டுப் பின்வாங்குகிறார்கள்.

"அப்பன் குடிகாரன், அந்த ரத்தம் வேணாம்னு சொல்றாங்களாம். உங்க ஷெட்டுக்குத்தான அவரு அன்னிக்கும் வந்தாரு. இங்கருந்து கிளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாருனு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். பெரிய மனுசர் வார்த்தன்னா கேப்பாங்க" என்றாள் உண்ணாமலை.

கோதண்டராமன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் இன்னாம்மா சொல்றது? அன்னிக்கு நான் அவரப் பாத்ததா ஞாபகமில்லையே. பாக்காதத சொன்னா தப்பாய்டும்."

ஐந்தடி தள்ளி ரஹமத்துன்னிசா ஒரு வலையை மண்ணெண்ணெயில் முக்கியபடி உட்கார்ந்திருந்தாள். உண்ணாமலை திரும்பிப் போகிறவரை அவள் கை மண்ணெண்ணெயிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் ரஹமத்துன்னிசா வேலைக்குப் போகாமல், உண்ணாமலை குடியிருந்த அறையைத் தேடிப் போனாள். சரோஜா தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே சொன்னாள். கோடு, எண்ணெய், இரண்டு விரல், குழாயைத் துடைத்தது, துணியைக் கொளுத்தியது, ஒன்றையும் விடவில்லை. டீசல் வண்டி எண்ணெயை இழுத்தால் என்ன ஆகும் என்று மதார் சொன்னதையும் சொன்னாள்.

உண்ணாமலைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் மெள்ளக் கீழே உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு குடிக்கல?"

"இல்லம்மா."

"வேகமாவும் ஓட்டல?"

"வண்டிதான் ஓடுச்சு. அவரு நிறுத்தத்தான் பாத்துருப்பாரு."

"நீ ஊத்தறப்ப அவரு பக்கத்துல இல்லையா? எப்பவும் கூட குந்திக்கினு பாப்பேன்னு சொல்லுவாரே."

அவர்தான் ஊற்றச் சொன்னார் என்பது ரஹமத்துன்னிசாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தன் பாரத்தில் பாதி இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கின பாதி எங்கே போய் ஏறும் என்பதும் தெரிந்தது.

"இல்லம்மா. அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு" என்றாள்.

உண்ணாமலை அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினாள். "ஆறு வருசம். ஊரு சொல்லுச்சுனு நானும் நம்பினேன். ஒரு திதி குடுக்கல. படத்த எடுத்துப் பெட்டிக்கு அடியில போட்டேன். எங்களை வுட்டுட்டுக் குடிச்சிட்டுச் செத்தவனுக்குப் படம் ஒரு கேடானு எம்பொண்ணு எதிர்லயே திட்டியிருக்கேன்." பிறகு தலையைத் திருப்பினாள். "ஆறு வருசம் தெனமும் என்னப் பாத்துக்கினு தான இருந்த?"

ரஹமத்துன்னிசா வாசற்படியிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"போ" என்றாள் உண்ணாமலை. "எம்பொண்ணு வர்றதுக்குள்ள போய்டு."

அவள் போனாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் போளூருக்குப் போய், அந்த மாப்பிள்ளை வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்து, அங்கேயும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ சொல்லி அனுப்பித்தான் இந்தப் பாயம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அடுத்த மாதமே அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆயிற்று.

கோதண்டராமனுக்கு விஷயம் மூன்றாம் நாள் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. அவளுடைய புர்காவை ஆணியிலிருந்து எடுத்து மடித்துக் கையில் கொடுத்தார். "பாய்க்காகத்தான் அன்னிக்கு அதப் பண்ணேன்" என்றார். அதில் பாதி உண்மைதான். அவள் புர்காவை வாங்கிக்கொண்டாள். ஷெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய கதை என்று ஊர் விட்டுவிட்டது.

அதற்கப்புறம் அவள் பீடி சுற்றினாள். வெடித்த விரல்களுக்கு இலை மடங்கவில்லை. மற்றவர்கள் ஆயிரம் சுற்றுகிற நேரத்தில் அவளுக்கு நானூறுதான் ஆகும். சரோஜாவுக்கு எண்பத்தேழில் செங்கத்துப் பக்கம், பெண்டாட்டி செத்துப்போன ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகக் கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டாள்.

எண்பத்தெட்டில் நெஞ்சில் சளி கட்டி அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். ஒருநாள் பகலில் கண்ணைத் திறந்தபோது கட்டிலின் கால்மாட்டில் உண்ணாமலை நின்றுகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. எப்படியிருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவரு உங்கிட்ட ஏதாச்சும் பேசினாரா? கடைசியா பாத்தது நீதான?"

ரஹமத்துன்னிசா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "பேசினாரும்மா. கிளம்பறப்ப, சரோஜா பள்ளிக்கூடத்துல கணக்குல மொத மார்க்குனு சொன்னாரு. டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கணும், எந்தப் பள்ளிக்கூடம் நல்லாருக்கும்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுப்பா, எனக்குப் புள்ள இல்லனு சொன்னேன். பரவால்ல பாயம்மா, விசாரிச்சு வைங்கன்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

உண்ணாமலை இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே வராந்தாவில் இறங்கிப் போனாள்.